நாயைத் தூக்கிக் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பில் நாய்க் கண்காட்சிப் படங்கள் வந்தாலும் வந்தன, எங்கள் சுங்கை சிப்புட்டில் சாயங்காலமானால் திடல் முழுக்க நாயும் பையன்களுமாக இருக்கிறது. சம்சு என்கிற மலிவுச் சாராயம் விற்கும் கடை வாசலில் நிற்பதைவிட நாயோடு நிற்பது எவ்வளவோ மேல். ஆனால் போட்டி வளையத்தில் நிற்கவைப்பதாகச் சொல்லி அவர்கள் செய்யும் கூத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கழுத்துக் கயிற்றை மேலே இழுத்து, முன்கால்கள் தரையில் பட்டும் படாமலும் நாயைத் தொங்கவிடுகிறார்கள். பின்கால்களை எட்டின மட்டும் பின்னுக்கு இழுக்கிறார்கள். கேட்டால், கைப்பேசியில் அப்படித்தான் காட்டுகிறானாம்.

நான் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். என் அப்பா துரை பங்களாவில் அல்சேஷன் (ஜெர்மன் ஷெப்பர்ட்) நாய்களைப் பார்த்துக்கொண்டவர். துரை போட்டிக்குக் கொண்டுபோகும் நாயை நிறுத்திப் பழக்கியது அவர்தான். "உன் கை மேல இருக்கிறதே நாய்க்குத் தெரியக் கூடாதுடா" என்பார்.

சரியாக நிறுத்துவது இப்படித்தான். கயிறு காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே உயரமாக இருக்கட்டும்; இறுக்கம் வேண்டாம். நடுவர் நாயின் இடப்பக்கத்தைப் பார்ப்பார், நாம் வலப்பக்கம். வலக்கை தலையைத் தாங்க, இடக்கையால் முன்காலை முழங்கை அருகே பிடித்து லேசாகத் தூக்கி இறக்க வேண்டும். பாதத்தைப் பிடித்து இழுத்தால் நாய் உடனே காலை மாற்றிக்கொள்ளும். தோள்மேட்டிலிருந்து நேர்கீழாக முன்கால் வர வேண்டும். முதலில் நடுவர் பக்கத்துக் கால், பிறகு மற்றது. அடுத்து பின்கால்: குதிமூட்டிலிருந்து (பின்காலில் பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டு) பாதம் வரை உள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக இருந்தால் போதும், அதற்குமேல் ஒரு விரற்கடைகூடத் தள்ள வேண்டாம். லேப்ரடார், டாபர்மேன் எல்லாவற்றுக்கும் இதுதான்.

அல்சேஷன் மட்டும் வேறு. நடுவர் பக்கத்துப் பின்கால் பின்னால் இருக்கும், மறுபக்கத்துக் கால் வயிற்றுக்குக் கீழே முன்னால் வரும். பையன்கள் கெடுப்பது இங்கேதான். 1899ல் ஜெர்மனியில் குதிரைப்படை அதிகாரி ஸ்டெஃபானிட்ஸ் இந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கியபோது, ஆட்டு மந்தையோடு நாள் பூராவும் ஓடக்கூடிய நாயைத்தான் மனத்தில் வைத்திருந்தார். உடல் நீளம் உயரத்தைவிட 10 முதல் 17 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அனைத்துலகத் தர விதி. காலை இழுத்து நீட்டினால் இடுப்பு தாழ்ந்து, நல்ல நாய்கூட நொண்டி மாதிரி தெரிகிறது.

நீட்டி நிறுத்தினால் குறை மறையும் என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். நடுவர் என்ன தூரத்திலிருந்தா பார்த்துவிட்டுப் போகிறார்? பல்லைத் திறந்து பார்ப்பார், தோளிலிருந்து தொடை வரை கையால் தடவுவார், ஆண் நாய்க்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். பிறகு நடக்கச் சொல்வார். நிறுத்தி மறைத்ததெல்லாம் அப்போது வெளியே வந்துவிடும்.

குட்டியிலிருந்தே சோற்றுத் தட்டுக்கு முன்னால் சில நொடி நிற்கப் பழக்குங்கள். நின்றால் சோறு, அவ்வளவுதான் பாடம். அஞ்சடியில் (கடை வரிசைக்கு முன்னால் உள்ள நடைபாதை) வழவழப்பான ஓடு போட்ட இடம் ஆகாது, கால் வழுக்கின நாய் பிறகு எங்கேயும் உடம்பைத் தளர்த்தாது. மேசையில் நிற்கும் சின்ன நாய்க்கு ஒரு ரப்பர் விரிப்புப் போடுங்கள். பால்மரம் சீவின ஊரில் இதற்கா பஞ்சம்! திடல் சரிவாக இருந்தால் முன்கால்கள் மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

கண்காட்சி நடத்துகிறவர்கள் எங்களைப் போன்ற தோட்டப்புற ஊர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அரை நாள் பயிற்சி கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கோப்பையையும் முதலாளி முகத்தையும் பெரிதாகப் போட்டு நாயைப் பாதியில் வெட்டிவிடாதீர்கள். பக்கவாட்டில், நாலு பாதமும் தெரிகிற மாதிரி போடுங்கள். இங்கே பையன்கள் அந்தப் படத்தைத்தான் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இங்ஙனம்,
ஒரு முன்னாள் தோட்ட லாரி ஓட்டுநர்,
சுங்கை சிப்புட், பேராக்.