மேல் டிவிஷன் கதையைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

கேமரன் மலை ரிங்லெட் மக்களுக்கும், இங்கிருந்து இறங்கி ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று பிழைக்கப் போனவர்களுக்கும் வணக்கம்.

நம் தேயிலைத் தோட்டத்தில் மேலே இருந்த பிரிவான மேல் டிவிஷனின் பழைய புகைப்படங்களைத் திரட்டி, திருவிழாவின்போது கோயில் மண்டபத்தில் வைத்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. "இந்தப் பழைய படத்தையெல்லாம் யார் வந்து பார்க்கப் போறாங்க?" என்று கேட்டவர்களே கடைசி நாள் மண்டபத்தைப் பூட்ட விடவில்லை. உதவியவர்களிடம் அன்று வாயால் சொன்ன நன்றி போதாது என்று பட்டதால் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள், அதனால் யார் பெயரும் இதில் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

கேமரன் மலையைப் பற்றி எழுதியதற்குக் குறைச்சல் இல்லை. 1885இல் வில்லியம் கேமரன் அளக்க வந்தார், 1929இல் ரஸ்ஸல் துரை போ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார், 1931இல் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. 1967இல் தானா ராத்தாவில் உலாவப் போன அமெரிக்கப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் திரும்பி வராததைப் பற்றி இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதர் காணாமல் போனதற்கு இத்தனை பக்கம். ஆள் இல்லாமல் காடு மூடிப்போன எங்கள் மேல் டிவிஷனுக்கு ஒரு வரி கிடையாது. அங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது, பிள்ளை பெற எப்படி இறங்கினார்கள் என்பதெல்லாம் நாலைந்து கிழவிகளின் வாயில்தான் இருந்தது.

அதனால் முதல் நன்றி மேல் லயத்துப் (மேல் டிவிஷன் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பாட்டிக்கு. மூட்டு வலியோடு எழுந்து நின்று, கொழுந்தெடுக்கப் போகும்போது உடம்பில் எதை எதைக் கட்டினார்கள் என்று கட்டியே காட்டினார். முதலில் பழைய கைலி, அதன்மேல் கோணிச் சாக்கு, அதற்கும் மேல் பிளாஸ்டிக் தாள், இடுப்பில் கயிறு. கணுக்காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவினால் அட்டை ஏறாதாம். "ஏறாதுன்னு நாங்க நினைச்சுக்குவோம், அதுக்குத் தெரியணுமே" என்று அவரே சிரித்தார். இப்போது கத்தரி வைத்து வெட்டுகிறார்கள்; அவர் காலத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ள வேண்டும். மழை நாளில் கூடை கனக்கும், ஆனால் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று ஒரு கணக்குக் கழித்துவிடுவார்களாம். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால்தான் 1 கிலோ தேயிலை. அந்த 1 கிலோவைக் கடையில் என்ன விலைக்கு விற்றார்கள் என்று தனக்குக் கடைசிவரை தெரியாது என்றார்.

குளிரைப் பற்றியும் அவர்தான் சொன்னார். சுற்றுலா வருகிறவர்களுக்கு இந்தக் குளிர் சுகம். தகரக் கூரை லயத்தில் கைக்குழந்தையோடு படுத்தவர்களுக்கு அப்படி இல்லை. செடிகளைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் கிடைக்கும் குச்சிகளைச் சுமந்து வந்து அடுப்புக்கு மேலே பரணில் அடுக்குவார்கள். அது புகையிலேயே காயும். காயாத குச்சியை வைத்தால் வீடு முழுக்கப் புகைதான், சூடு வராது.

அடுத்த நன்றி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு. பள்ளி வயதில் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. மேல் டிவிஷனில் ஓர் அறைப் பள்ளி வந்தது அப்படித்தான். பள்ளி மூடியபோது குப்பைக்குப் போக இருந்த வருகைப் பதிவேட்டை அவர் தன் பெட்டியில் வைத்திருந்தார். அதை மேசைமேல் திறந்தே வைத்தோம். வரிசையாக வந்துகொண்டிருந்த பெயர்களில் 1969, 1970 பக்கங்களில் ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் கோடு விழுகிறது. பக்கத்தில் "இந்தியா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்த காலம் அது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான தோட்டத்துக் குடும்பங்கள் மூட்டை கட்டின. அந்தப் பக்கத்தைப் பார்த்த ஓர் அம்மா, கோடு விழுந்த ஒரு பெயரில் விரலை வைத்து, "இவ என் பக்கத்துல உட்காருவா. பினாங்குல ரஜூலா கப்பல் ஏறிப் போனா" என்றார்.

போகாமல் இங்கேயே தங்கிவிட்ட இன்னொரு பாட்டி குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் தன் சிவப்பு அடையாள அட்டையைப் படம் பிடிக்கச் சம்மதித்தார். எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு நீட்டினார், படமும் அப்படியே சுவரில் மாட்டப்பட்டது. பிறந்தது இந்த மலையில்தான், ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. உறவு முழுக்க வந்திருந்த இடத்தில் இதைக் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். பாட்டி, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

காட்டுக்குள் எங்களுக்கு வழி காட்டியவர்கள் பக்கத்துக் கம்பத்துச் செமாய் பழங்குடி மக்கள். அவர்கள் இந்த மலைக்கு நமக்கெல்லாம் முன்னாலிருந்தே சொந்தக்காரர்கள். மேல் லயத்துக்காரர்கள் உப்பும் புகையிலையும் கொடுத்து, அவர்களிடம் பெத்தாய்க் காயும் மூங்கிலும் வாங்கிக்கொண்ட உறவு அது. அவர்களுடைய வயதான தலைவர் தோக் பாத்தின், பாராங் கத்தியால் புதரை வெட்டிக்கொண்டே முன்னால் நடந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையின் படிகளையும் பழைய தண்ணீர்த் தொட்டியையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். லயத்துக்காரர்கள் மறந்துபோன ஓடைகளின் பெயரையும் அவர்தான் சொன்னார். "வாங்க, பசியாறுங்க" என்று தமிழிலேயே அழைத்து அவித்த மரவள்ளிக்கிழங்கு வைத்தாரே, அதையும் மறக்க மாட்டோம்.

தன் பழைய லேண்ட் ரோவரில் பாட்டிமார்களை ஏற்றி இறக்கி, எண்ணெய்க் காசுகூட வாங்காத அண்ணனுக்கு நன்றி. ராத்திரியில் மேசை நாற்காலி தூக்கிய வங்காளதேசத் தம்பிகளுக்கும் நன்றி. இன்றைக்குத் தேயிலை வெட்டுவது அவர்கள்தான், அதனால்தானோ என்னவோ படங்களை நம் பிள்ளைகளைவிட நிதானமாகப் பார்த்தார்கள். ஓர் அலுவலகத்தில் பழைய வரைபடம் கேட்டு அலைந்ததில் டீ மட்டும் கிடைத்தது. சரி, அதை விடுவோம்.

2013 அக்டோபர் வெள்ளத்தில் பெர்த்தாம் வேலியில் வீட்டோடு படங்களையும் சேற்றுக்குக் கொடுத்த குடும்பம் ஒன்று வெறுங்கையோடு வந்தது. வேறொருவர் கொடுத்த பெரட்டுப் (காலையில் ஆள் கணக்கெடுப்பு) படத்தில், இரண்டாவது வரிசையில் முக்காடு போட்டு நின்ற தங்கள் அம்மாவைக் கண்டுபிடித்தார்கள். பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டோம். அந்தப் படத்தைக் கொடுத்த அக்கா, நீங்கள் தாப்பாவில் இருப்பதால் இதை நேரில் பார்க்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

வாங்கிய மூலப் படங்கள் எல்லாம் உரியவர்களிடம் திரும்பப் போய்விட்டன. யாருடையது என்று தெரியாத ஒரு கல்யாணப் படம் மட்டும் மீதி இருக்கிறது. மாப்பிள்ளை கோட்டும் வேட்டியும் போட்டிருக்கிறார், பின்னால் தேயிலைத் தொழிற்சாலையின் கூரை தெரிகிறது. அடையாளம் தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது சொல்லுங்கள். மண்டபச் சாவி குருக்களிடம்தான் இருக்கிறது.

ரிங்லெட், கேமரன் மலை