உண்டியல் காசில் பறக்கும் ஹெலிகாப்டர்

அன்புள்ள மல்லிகா,

உனக்குப் பதில் எழுதி மாசக்கணக்காகிவிட்டது. திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சாந்தா அக்கா சொன்னாள். சுமதி இன்னும் அந்தப் பச்சைக் குடையை விடவில்லையாமே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் சரிவில் ஓட்டிக்கொண்டிருந்த குவாட் பைக், அதான் நாலு சக்கரப் பண்ணை வண்டி, புரண்டு அவர் மேலேயே விழுந்துவிட்டது. நாங்கள் இருக்கும் பவிஸ் பகுதி வேல்ஸின் பரப்பில் கால்வாசி. ஆனால் இதற்குள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுகூட இல்லை. இப்படி அடிபட்டவர்களை எல்லை தாண்டி இங்கிலாந்துக்கோ, தெற்கே கார்டிஃபுக்கோ கொண்டுபோக வேண்டும். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் எப்போது போய்ச் சேரும், சொல்!

அதனால் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார்கள். அது வந்து இறங்கியதும் ஆடுகளெல்லாம் வேலியோரம் போய் ஒண்டிக்கொண்டன. டாக்டர் சேற்றில் முழங்காலிட்டு, அங்கேயே மயக்க மருந்து கொடுத்து, மூச்சுவிடக் குழாய் பொருத்தினார். கூட வந்தவர் பெட்டியிலிருந்து ரத்தப் பையை எடுத்து, சின்னக் கருவி ஒன்றால் சூடாக்கி ஏற்றினார். புல்வெளியில் ரத்தம் ஏற்றுகிறார்கள், மல்லி! எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. மனுஷன் பிழைத்துவிட்டார். கால்தான் இன்னும் கவலை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த டாக்டருக்குச் சம்பளம் அரசு மருத்துவத் துறை தருகிறது, 2015-லிருந்து அந்த ஏற்பாடு. ஆனால் ஹெலிகாப்டர், எரிபொருள், விமானி, தளம் எல்லாம் வேல்ஸ் ஏர் ஆம்புலன்ஸ் என்ற தர்ம ஸ்தாபனத்தின் பொறுப்பு. ஆண்டுக்கு ஒரு கோடியே பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் ஆகிறது. வாராந்தர லாட்டரி, பழைய துணிக்கடை, உயிலில் எழுதி வைக்கும் பணம், கடை மேசையில் இருக்கும் உண்டியல், இவைதான் வருமானம். தீயணைப்பு வண்டிக்கு யாராவது உண்டியல் குலுக்குகிறார்களா? உயிர் காக்கும் வண்டிக்கு மட்டும் ஏன்?

அரசு தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள், அதுதான் இதன் சரித்திரம். 1987-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் இப்படி முதல் ஹெலிகாப்டர். வேல்ஸுக்கு 2001 மார்ச் 1-ல். மக்கள் நன்றாக நடத்திக் காட்டியதும், நடக்கிறதே, நடக்கட்டும் என்று அரசு விட்டுவிட்டது. அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2015 முதல் இந்த ஸ்தாபனங்கள் கட்டும் வாட் வரியைத் திருப்பித் தருகிறார்கள். கொரோனா சமயத்திலும் கொஞ்சம் கொடுத்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்தைப் பார். அங்கே இரண்டு ஹெலிகாப்டருக்கு அரசே செலவு செய்கிறது, தர்ம ஸ்தாபனத்தின் சேவையும் 2013-லிருந்து கூடவே ஓடுகிறது. மனம் வைத்தால் முடியும்தானே?

ஆனால் அரசுப் பணம் வேண்டாம், அதோடு கட்டளையும் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஸ்தாபனங்களுக்குள்ளேயே உண்டு. அது வெறும் வீம்பு இல்லை, மல்லி. கடலில் ஆட்களைக் காப்பாற்றும் ஆர்என்எல்ஐ என்ற தர்ம ஸ்தாபனம் 1854-லிருந்து 1869 வரை அரசு மானியம் வாங்கியது. அரசுதான் கொடுக்கிறதே என்று ஜனங்கள் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கடைசியில் மானியமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன்.

இன்னொரு வருத்தமும் இருக்கிறது. இங்கே பக்கத்திலுள்ள வெல்ஷ்பூல் தளத்தையும் கெர்நார்வன் தளத்தையும் மூடி, வடக்கே ஒரே தளமாக்குவதென்று 2024-ல் முடிவானது. இன்னும் அதிகம் பேரை எட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் முடிவெடுத்தது அரசு மருத்துவத் துறையின் குழு, ஹெலிகாப்டருக்குக் காசு போட்டது ஊர்ச்சனம். வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஹெலிகாப்டருக்குப் பணம் கொடுக்காமலே கட்டளை வருகிறதென்றால், பணம் வாங்கிக்கொண்டு உரிமையை எழுத்தில் கேட்பதில் என்ன தப்பு?

என் எண்ணம் இதுதான்: விமானி சம்பளம், எரிபொருள், தளத்துச் செலவு, இவற்றை அரசு பல வருஷ ஒப்பந்தம் போட்டுத் தரட்டும். ஹெலிகாப்டரும் புதுக் கருவிகளும் மக்கள் பணத்தில் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் பறக்கும் டாக்டர் சேவை அரசுப் பணமும் நன்கொடையும் சேர்ந்துதான் ஓடுகிறது.

இங்குள்ள சட்டமன்ற உறுப்பினருக்கு மனு எழுதப்போகிறேன். நீ இத்தனை வருஷம் மானியக் கணக்குகளைத் தணிக்கை செய்தவள். பணம் கொடுப்பவர் நிர்வாகத்தில் கைவைக்காமல் இருக்க என்னென்ன நிபந்தனை எழுதுவார்கள், வருஷ நடுவில் பணத்தை நிறுத்தாமலிருக்க எப்படிக் கட்டுவார்கள், விவரமாக எழுது. உன் கையால் திருத்திய பிறகுதான் அனுப்புவேன். இந்த மாசத்துக்குள் வேண்டும், மாமியார் ஊருக்குப் போகிறேன் என்று சாக்குச் சொல்லாதே.

அன்புடன்,
வசந்தா