சுவரைக் குத்தம் சொல்லாதீங்க, கீழ போடுற மெத்தையைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதத்துல ஒரு பெரியவர், வீட்டுல கிளைம்பிங் வால், அதாவது கை கால் வெக்கப் பிடிங்க மாட்டின ஏறுற சுவர் வெச்சு பசங்கள ஏத்தி விடுறது பெத்தவங்களோட வேண்டாத வேலை, கை கால் போனா யாரு பொறுப்புன்னு கேட்டிருந்தார். அவர் அக்கறையில எழுதினதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நாங்க கணபதியில எங்க வீட்டு கார் ஷெட்ல ரெண்டு வருஷமா அந்த மாதிரி ஒண்ணு வெச்சிருக்கோம், நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கிற பொண்ணு, மூணாவது படிக்கிற பையன்னு நாலு பேருமே ஏறுறோம், அதனால பதில் எழுதாம இருக்க மனசு வரல.

பசங்க இப்ப மட்டும் ஏறாம இருக்காங்களா? எங்க பையன் ஆறு வயசுல ஜன்னல் கிரில்லைப் பிடிச்சு ஏறி சன்ஷேடு மேல போய் நின்னுட்டான். நான் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவ எதேச்சையா கீழ எட்டிப் பார்க்கிறேன், எனக்கு நேர் கீழ அவன் உச்சந்தலை தெரியுது, அதுக்கும் கீழ சிமெண்ட் தரையும் துணி துவைக்கிற கல்லும். ஈரக்குலையே நடுங்கிடுச்சு. கத்தினா பயந்து கையை விட்டுடுவானோன்னு சத்தமே போடாம மாடிப்படி இறங்கி ஓடினேன். அடிச்சு அடக்கலாம், ரெண்டு நாள் அடங்குவான், மூணாவது நாள் வாசல் கேட், கொய்யா மரம், தண்ணி டேங்க் ஏணின்னு போயிடுவான். ஏறுறதை நிறுத்த முடியாது, விழுற இடத்தை வேணா மாத்தலாம்னு வீட்டுக்காரர் சொன்னார். அவர் பம்ப் கம்பெனியில ஃபிட்டர், அளவு எடுக்கிறது, துளை போடுறதெல்லாம் அவருக்கு கை வந்த வேலை.

முதல் தடவை நாங்க தப்பு பண்ணோம், அதை மறைக்காம சொல்லணும். மொட்டை மாடியில கூரை இல்லாத இடத்துல வெச்சோம், ப்ளைவுட் வாங்கின கடையில இது தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது, பிடபிள்யூபி, அதாவது கொதிக்கிற தண்ணியையும் தாங்குற சரக்குன்னு சொன்னதை அப்படியே நம்பிட்டோம். ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு வெயில் வந்ததும் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி உப்பிக்கிச்சு. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் மேல் வரிசையில தொங்கிட்டு இருக்கும்போது பிடி, அது பின்னாடி பலகையில பதிச்சிருக்கிற டி-நட்ங்கிற நட்டு, அதை சுத்தி ஒரு கை அகல மரச்சில்லு எல்லாம் சேர்ந்து பிச்சுக்கிட்டு அவர் கையோட வந்துடுச்சு. மல்லாக்க விழுந்தார். மெத்தை இருந்ததால முதுகு தப்பிச்சது. கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டா மழையில வெச்சா எந்த ப்ளைதான் தாங்கும்னுட்டார்.

ரெண்டாவது தடவை ஷீட்டுல ஐஎஸ் 710னு முத்திரையும் ஐஎஸ்ஐ மார்க்கும் இருக்கான்னு பார்த்துதான் வாங்கினோம், மெரைன் ப்ளைக்கு உண்டான நம்பர் அதுதான். அதோட விடாம வெட்டின துண்டு ஒண்ணை அண்டாவுல போட்டு நாலு மணி நேரம் கொதிக்க வெச்சு, அது உரியுதா இல்லையான்னு பார்த்த பிறகுதான் மத்த ஷீட்டுல கை வெச்சோம். இடத்தையும் கூரை இருக்கிற கார் ஷெட்டுக்கு மாத்திட்டோம்.

எங்களுது செங்கல் சுவர் இல்லைங்க. 2 இன்ச் ஸ்கொயர் பைப்புல வெல்டிங் பண்ணின ஃபிரேம், அதுல 16 இன்ச்சுக்கு ஒரு கம்பி, அதுமேல 18 எம்எம் ப்ளைவுட். தரையில இருந்து 1 அடி நேரா நிக்கும், அதுக்கு மேல 8 அடிக்கு 8 அடி பலகை நம்ம பக்கமா 20 டிகிரி சாய்ஞ்சு வரும். மொத்த உயரம் எட்டரை அடிதான், கயிறே தேவையில்ல. போல்டரிங்னு சொல்றது இதைத்தான். ஏன் சாய்ச்சு வெக்கிறீங்க, பயமா இருக்கேன்னு வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. நேரா நிக்கிற சுவர்ல வழுக்கினா கீழ இருக்கிற பிடியில முட்டி, தாடையெல்லாம் உரசிக்கிட்டு வரும். சாய்ஞ்ச சுவர்ல கையை விட்டா எதுலயும் படாம நேரா மெத்தைக்குத்தான் வருவோம். ரொம்ப சின்னக் குழந்தைங்களுக்கு மட்டும் சாய்வைக் குறைச்சு வெக்கணும், கைக்கு அவ்வளவு பலம் இருக்காது.

8 இன்ச்சுக்கு ஒரு துளைன்னு போட்டா அந்தப் பலகையில 144 துளை வரும். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி இருந்து எம்10 டி-நட், முன்னாடி இருந்து ஆலன் போல்ட். துளையை முன்பக்கத்துல இருந்து போடணும், அப்பதான் சில்லு பேர்றது பின்பக்கம் போகும், கை படுற பக்கம் வழவழப்பா இருக்கும். டி-நட்டை சுத்தியல்ல அடிச்சு ஏத்துறதை விட ஒரு போல்ட்டை வாஷரோட மாட்டி முறுக்கி இழுத்தா நேரா உக்காரும். கோணலா உக்காந்த நட் பின்னாடி சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், அந்தப் பிடியைக் கழட்டவும் முடியாது, இறுக்கவும் முடியாது. ஃபிரேமை நாங்க பில்லர்லயும் பீம்லயும் ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்தினோம். வெறும் செங்கல் கட்டுல அடிச்சுடாதீங்க, தொங்குற ஆள் எகிறி அடுத்த பிடியைப் பிடிக்கும்போது அவர் எடையை விட அதிகமா இழுப்பு வரும். வாடகை வீடா இருந்தா தானா நிக்கிற ஃபிரேமா போல்ட் போட்டுப் பண்ணிக்கலாம், காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம், இடம் மட்டும் கொஞ்சம் கூட வேணும்.

எல்லாம் சேர்த்து எங்களுக்கு 65,000 ரூபாய்க்குப் பக்கமா ஆச்சு, அதுல மூணுல ஒரு பங்கு மெத்தைக்கு மட்டும். முன்னாடி நாங்களும் வீட்டுல இருந்த இலவம்பஞ்சு மெத்தைங்களைத்தான் வரிசையா போட்டோம். பஞ்சு ஒரு மாசத்துல அமுங்கிப் போயிடும், அது கூட பரவாயில்ல, ரெண்டு மெத்தைக்கு நடுவுல ஒரு இடுக்கு விழும் பாருங்க, அதுதான் வினை. நான் இறங்கும்போது கால் சரியா அந்த இடுக்குல போய் மாட்டி கணுக்கால் மடங்கிடுச்சு, மூணு வாரம் நொண்டிக்கிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். நான் அன்னைக்கு விழுந்த உயரம் ரெண்டடி கூட இருக்காது. இப்ப அடியில 8 இன்ச் மெதுவான ஃபோம், மேல 2 இன்ச் கெட்டி ஃபோம், மொத்தத்துக்கும் ஒரே ரெக்சின் உறை, 8 அடிக்கு 10 அடி, எங்கேயும் இடுக்கு கிடையாது. கெட்டியானது மேல வரணும், அது பாரத்தைப் பரப்பிக் குடுக்கும், இல்லைன்னா குதிகால் உள்ள புதைஞ்சு தரையைத் தொட்டுடும்.

மெத்தை வந்த முதல் வாரம் பசங்கள நாங்க ஏறவே விடல, மூணாவது வரிசையில இருந்து விழ மட்டும்தான் பழக்கினோம். ரெண்டு காலும் ஒண்ணா இறங்கணும், முட்டி மடங்கணும், அப்படியே உக்காந்து முதுகுல உருளணும், கையை நெஞ்சோட கட்டிக்கணும். பின்னாடி கை ஊனினா மணிக்கட்டோ முழங்கையோ போயிடும். ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் மெத்தை மேல கால் வெக்கக் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாத்தையும் கழட்டி ஒரு எவர்சில்வர் டம்ளர்ல போட்டுட்டுத்தான் ஏறணும், மோதிரம் ஒரு பிடியில மாட்டி உடம்பு கீழ போச்சுன்னா விரலோட நிலைமையை நெனச்சுப் பாருங்க.

எங்க மாமியாருக்கு ஊர் உடன்குடி. அவங்க அப்பா பனையேறி. முறுக்குத்தடியை மரத்துல சாத்தி, கால்ல தளைநார் மாட்டி, விடிகாலையும் சாயங்காலமும் ஏறி இறங்கின மனுஷன். அத்தை ஷெட்ல சேர் போட்டு உக்காந்து பேரன் கையாலயே இழுத்து இழுத்து ஏறுறதைப் பார்த்துட்டு, ஏலே, காலை ஊனி எந்திரிலே, கை சும்மா பிடிச்சுக்கிடத்தாம்லன்னு சொன்னாங்க. கிளைம்பிங் கோச்சுங்க புதுசா வர்றவங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுக்கிறதும் இதையேதான். அன்னையில இருந்து எங்க வீட்டு கோச் அவங்கதான்.

பிடிங்களுக்கெல்லாம் பசங்க பேர் வெச்சிருக்காங்க. உள்ளங்கை அப்படியே உள்ள போற பெரிய பிடி எருமைக்காது, வழுக்குற உருண்டை இட்லி, விரல் நுனி மட்டும் நிக்கிறது தீப்பெட்டி. பாதி ரெசின்ல கடையில வாங்கினது, பாதி மரக்கடையில கழிச்சுப் போட்ட தேக்குத் துண்டுல ஆசாரி இழைச்சுக் குடுத்தது, மரம்தான் தோலுக்கு இதமா இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடுவோம், முதல் ஆள் ரெண்டு பிடி போவாங்க, அடுத்த ஆள் அதையே போய்ட்டு கூட ஒண்ணு சேர்க்கணும், இப்படியே பதினஞ்சு பதினாறு வரைக்கும் போகும். வரிசையை மறந்தவங்க அவுட். இதுல பையன்தான் ஜெயிப்பான், எனக்கு எட்டாவதுலயே மறந்துடும். கை வேர்த்தா மெக்னீசியம் கார்பனேட் பொடி போட்டுக்கிறோம், கரும்பலகை சாக்பீஸ் இதுக்கு ஆகாது. அமெரிக்காவுல ஜான் கில்னு ஒரு கணக்கு வாத்தியார், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினவர், 1950கள்ல ஜிம்னாஸ்டிக்ஸ்ல இருந்து இந்தப் பொடியைப் பாறை ஏறுறதுக்குக் கொண்டு வந்தவர், போல்டரிங்குக்கு அவரைத்தான் தகப்பன்னு சொல்றாங்க.

பொண்ணு இதை சீரியஸா எடுத்துக்கிட்டா. பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல போலந்து வீராங்கனை அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 15 மீட்டர் சுவரை 6 செகண்டு சொச்சத்துல ஏறினதை திரும்பத் திரும்ப போட்டுப் பார்த்துட்டு, விரல் பலத்துக்கு ஹேங்போர்டு, அதாவது விரல் நுனியால தொங்கிப் பழகுற பலகை வாங்கித் தாங்கன்னு ஒரே அடம். முடியாதுன்னுட்டோம். வளர்ற வயசுல விரல் எலும்புல வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளமா வளர்ற இடம் இன்னும் மூடியிருக்காது, தீப்பெட்டி மாதிரி பிடியில முழு எடையையும் போட்டுத் தொங்கிக்கிட்டே இருந்தா அந்த இடத்துல எலும்பு விரிசல் விடலாம். ஏறட்டும், வாரத்துக்கு மூணு நாள், ஒரு மணி நேரம், விரல் மூட்டு வலிச்சா அன்னைக்கே நிறுத்தணும், அவ்வளவுதான். பெத்தவங்க நிஜமா பயப்பட வேண்டியது இங்கதான், ஆனா அந்தப் பெரியவர் கடிதத்துல இதைப் பத்தி ஒரு வரி இல்லை.

டோக்கியோவுல இந்த விளையாட்டு முதல் முதலா ஒலிம்பிக்ஸுக்கு வந்தப்ப மூணு பிரிவையும் சேர்த்து ஒரே பதக்கம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ்ல போல்டரிங், லீட் (கயிறு மாட்டி உயரமா ஏறுறது), ஸ்பீடு (வேகமா ஏறுறது)ன்னு தனித்தனி பதக்கம். நம்ம ஊர்ல ஒரு குழந்தை இதைத் தொட்டுப் பார்க்கணும்னா தனியார் ஜிம்முக்குப் போகணும், இல்ல எங்கள மாதிரி ஷெட்ல பண்ணிக்கணும். ரெண்டுக்கும் வழியில்லாத வீடுதான் அதிகம். மாநகராட்சி பூங்காவுல எல்லாம் இரும்புல உடற்பயிற்சி சாமான் வெச்சிருக்காங்க, அதுக்குப் பக்கத்துலயே 8 அடி உயரத்துல, 20 அடி நீளத்துல பக்கவாட்டுல நகர்ந்து போற மாதிரி ஒரு சுவர் வெச்சா போதும். மேல ஏற வேண்டாம், கால் தரையில இருந்து 2 அடிக்கு மேல போகாது, வெளிநாட்டுல ஸ்கூல் விளையாட்டுத் திடல்ல இந்த மாதிரி நிறைய இருக்கு. கீழ விழுந்தா தாங்குற ரப்பர் தரை போடணும், போல்ட்டை மாசத்துக்கு ஒரு தடவை ஒரு ஆள் வந்து இறுக்கணும். இந்த ரெண்டுக்கும் பணம் ஒதுக்க மாட்டாங்கன்னா அந்த சுவரே வேண்டாம், அதையும் சேர்த்தே உங்க பத்திரிகையில எழுதுங்கன்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கணபதி, கோயம்புத்தூர் - 6