றங்குப்பெட்டி தந்த அம்மாவுக்கும் ஏனையோருக்கும்

அறிவியல் நகரிலும் பரந்தனிலும் வாழும் என் அன்புக்குரியவர்களுக்கு,

வெள்ளம் சூழ்ந்த அந்த மூன்று இரவுகளையும் நீங்கள் என்னோடு சேர்ந்தே கடந்தீர்கள். ஆகையால் அவற்றை மீண்டும் விவரிக்கவில்லை. உழவு இயந்திரம் கொண்டுவந்த தம்பிமாருக்கும், ஜெனறேற்றர் தந்த கடைக்கார அண்ணருக்கும், நனைந்த குறிப்பேடுகளைத் தாள் தாளாக விரித்துக் காயவைத்த மாணவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

ஒழுங்கை முடிவில் மேட்டுக்காணியில் இருக்கும் அம்மாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சூரியக் கலங்களுக்காக நான் செய்த கருநீலத் தூள் அடங்கிய 12 சிறு குப்பிகளை ஏந்திக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் நான் நின்றபோது, இவற்றில் காற்றும் வெளிச்சமும் படக்கூடாது என்று மட்டுமே சொன்னேன். அவர் கட்டிலுக்கடியிலிருந்து றங்குப்பெட்டியை இழுத்து, காணி உறுதியையும் குடும்ப அட்டையையும் துணியில் சுற்றிய படங்களையும் எடுத்துப் பொலித்தீன் பையில் வைத்துவிட்டு, பழஞ்சேலையை மடித்து விரித்து இடம் செய்து தந்தார். 2009 இல் கைவிடாமல் தூக்கிவந்த பெட்டி அது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மூடியை அழுத்தியபடி அவர் கேட்டார்: “வெயில் குடிக்கவெண்டு செய்த சாமான், வெயில் பட்டால் பழுதாகுமோ, பிள்ளை?”

ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் பல்பகுதியங்களில், அதாவது அந்தத் தூள் போன்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளில், இலத்திரன் வழங்கும் அலகையும் அதை இழுக்கும் அலகையும் அடுத்தடுத்துக் கோத்து ஒளி பட்டதும் இலத்திரன் தாவ வேண்டிய ஆற்றல் இடைவெளியைக் குறுக்குவதே இத்தனை ஆண்டுகளாக என் வேலை. பரவலாக அறியப்பட்ட பல்பகுதியமான பொலி ஹெக்சைல் தயோபீன் ஒளியை உறிஞ்சுவது ஏறத்தாழ 650 நனோமீற்றர் அலைநீளத்துடன் நின்றுவிட, அதற்கு அப்பாலுள்ள செந்நிற ஒளியையும் பிடிக்கவே நான் பாடுபட்டேன். ஆனால், கரைவதற்காக நாமே தொங்கவிடும் பக்கச் சங்கிலிகளில்தான், ஒளியும் ஒட்சிசனும் சேரும்போது, சிதைவு பெரும்பாலும் தொடங்குகிறது. பின்னர் மூலக்கூறின் முதன்மைச் சங்கிலியே அறுந்து நிறம் வெளிறுகிறது. இதை அறிந்திருந்தும், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கியே வைத்திருந்தேன். அம்மாவின் கேள்விக்கு அன்றிரவு என்னிடம் நேர்மையான பதில் இருக்கவில்லை. இனி நான் வரையும் ஒவ்வொரு மூலக்கூறிலும், எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்று பார்க்கும் முன்னர், வன்னி வெயிலில் ஒரு கூரைமேல் எவ்வளவு காலம் தாங்கும் என்பதையே பார்ப்பேன்.

குப்பிகளில் 11 நிறம் மாறாமல் இருக்கின்றன. அம்மா, பெட்டியைச் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். துருப்பிடித்திருந்த கொண்டிக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன், இப்போது இலகுவாகத் திறக்கிறது.