தொழில் வழிகாட்டல் அதிகாரிகளுக்குப் படுவான்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கடந்த மாதம் மட்டக்களப்பு நகரில் உயர்தர மாணவர்களுக்கென்று நீங்கள் நடத்திய தொழில் வழிகாட்டல் நிகழ்வுக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. மண்டபத்தில் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. பிள்ளைகள் என்ன மனநிலையோடு வீடு திரும்பினார்கள் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் பாடசாலைக்கே வரவேண்டும். எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, யார் சேரலாம், எவ்வளவு காலம், என்ன செலவு என்பதெல்லாம் தமிழில் அச்சிட்ட ஒரு கைநூலோடு வரவேண்டும். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருத்திக் கதைக்கவேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

அமெரிக்காவின் பெரும் பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைப் பற்றி நீங்கள் காட்டிய ஆவணப்படத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வணிகமும் கணக்கீடும் படிப்பிக்கிறவள் நான். அவரைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். 2017இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான எச்.பி.ஓ. வெளியிட்ட அந்தப் படத்தை முன்னரே பார்த்துமிருக்கிறேன். 11 வயதில் முதல் பங்கை வாங்கியவர் 95 வயதில்தான், 2025 முடிவில், தன் பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரி பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுத்தார். இத்தனை காலம் ஒரு மனிதர் காலையில் எழும்பிச் சந்தோசமாக வேலைக்குப் போயிருக்கிறார் என்பதை எங்கள் பிள்ளைகளும் பார்க்கத்தான் வேண்டும். வேலை என்றால் அலுப்பு, கடன், முதலாளியின் ஏச்சு என்று மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

ஆனால் படம் முழுக்க ஆங்கிலம். ஒன்றரை மணித்தியாலம். கீழே தமிழ் எழுத்து ஓடவில்லை. இடையில் நிறுத்தி நாலு வசனம் விளக்கவும் ஆள் இல்லை. எங்கள் பிள்ளைகள் விடியற்காலை எழும்பி, சாப்பிட்டும் சாப்பிடாமலும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்பதால் அசையாமல் இருந்தார்கள். அந்த அமைதியைப் பார்த்து, பிள்ளைகள் ஆழ்ந்து பார்க்கிறார்கள் என்று மேடையில் ஒருவர் சொன்னது எனக்கு மிகவும் வலித்தது.

அவர்களில் ஒருவனைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். பெயர் வேண்டாம். மாரி உழவு நேரத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வயலுக்குள் நின்றுவிட்டால் அவன் ஊரில் பெரிய ஆட்களே அவனைத்தான் தேடி வருவார்கள். ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, டீசல் ஏறவில்லையா, எயார் பிடித்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். கறுப்பு ஒயில் நகக்கண்ணை விட்டுப் போகாது. அதோடுதான் பாடசாலைக்கும் வருவான். உயர்தரத்தில் அவன் படிப்பது தமிழ், இந்து நாகரிகம், புவியியல். அந்தப் பாடங்களில் ஒரு குறையும் இல்லை, விரும்பிப் படிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவன் அவற்றை எடுத்ததற்கு ஒரே காரணம், எங்கள் பாடசாலையில் உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டும்தான் இருக்கிறது. 2013இல் நாட்டில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. அது எங்கள் பாடசாலைக்கு வரவில்லை; அப்படியொரு பிரிவு இருக்கிறது என்று அவன் வீட்டில் யாருக்கும் தெரியவும் இல்லை.

படத்தில் ஓரிடத்தில் பஃபெட் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறார். ஆயுள் முழுவதுக்கும் ஒரே ஒரு கார்தான் கிடைக்கும் என்றால் அதை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், உங்கள் மனமும் உடம்பும் அப்படித்தான் என்கிறார். என்ஜினோடு புழங்கும் இந்தப் பிள்ளைக்கென்றே சொன்ன மாதிரியான பேச்சு. அவன் அந்த நேரம் மண்டபத்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் முடிந்ததும் உங்கள் பேச்சாளர், பிடித்த வேலையைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். அத்தனை பேருக்குள்ளும் அவன்தான் முதலில் எழும்பினான். "சேர், எனக்கு மெசின் திருத்துற வேலைதான் விருப்பம். அத எங்க போய்ப் படிக்கிற?" என்று கேட்டான். நல்ல கேள்வி என்றார் பேச்சாளர். விருப்பம் இருந்தால் வழி தானாகத் திறக்கும், முதலில் ஆங்கிலத்தைப் பிடியுங்கள் என்றார். மைக் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டது.

ஐயா, அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. மட்டக்களப்பிலேயே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தேசிய தொழில் தகைமை என்ற சான்றிதழ் முறையில் ஏழு மட்டங்கள் உண்டு. ஐந்தாம் ஆறாம் மட்டங்கள் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். தொடக்க மட்டப் பயிற்சிகள் பலவற்றில் சேருவதற்குச் சாதாரண தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கடையில் நின்று கைப்பழக்கமாகத் தொழில் படித்தவர்களும் திறமையைக் காட்டிச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். வழிகாட்டுவதையே உத்தியோகமாகச் செய்கிறவர்கள் நிறைந்திருந்த அந்த மண்டபத்தில் அந்த இரண்டு நிமிடம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தான். "டீச்சர், அந்த மனிசன் நம்மட வயசில என்ன செஞ்சவராம்?" என்று கேட்டான். சொன்னேன். வீடு வீடாகப் பத்திரிகை போட்டவர், சுவிங்கமும் கோலாவும் விற்றவர். பள்ளிக்கூட வயதில் பழைய பின்போல் விளையாட்டு மெசின் ஒன்றை 25 டொலருக்கு வாங்கி முடிவெட்டும் சலூன் ஒன்றில் வைத்து, விளையாட வருகிறவர்கள் போடும் சில்லறையைச் சலூன்காரரோடு பங்கு பிரித்துக்கொண்டவர். அந்த மெசின்களைத் திருத்தி ஓடவைத்தது அவருடைய கூட்டாளிப் பொடியன் என்றதும் இவன் நிமிர்ந்து இருந்தான். "அப்ப திருத்தினது மற்றப் பொடியனா?" வாவிக்கு மேலுள்ள மண்முனைப் பாலம் தாண்டும்வரை அந்த மெசினுக்குள் என்ன இருக்கும், மின்சாரத்தில் ஓடுமா, ஸ்பிரிங் எப்படி வேலை செய்யும் என்றுதான் பேச்சு. உங்கள் நிகழ்வு அவனைத் தொட்டது அந்த ஓர் இடத்தில்தான். அதுவும் பஸ்ஸுக்குள்.

அந்தப் படத்துக்குரியவரின் வாழ்க்கையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். பஃபெட்டை ஹார்வர்ட் வணிகப் பள்ளி எடுக்கவில்லை. அதன் பிறகு கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் விபரக் கைநூலைப் புரட்டும்போதுதான், தான் விரும்பிப் படித்த புத்தகத்தை எழுதிய பெஞ்சமின் கிரஹாம் அங்கே படிப்பிக்கிறார் என்று கண்டார். கடிதம் எழுதினார், இடம் கிடைத்தது, 1951இல் பட்டம் பெற்றார். விருப்பம் அவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது. அதை எங்கே போய்ப் படிக்கலாம் என்று காட்டியது அந்தக் கைநூல். நான் உங்களிடம் கேட்பதும் அப்படியொரு கைநூலைத்தான். ஆடம்பரமாக அச்சிடவேண்டியதில்லை, போட்டோக் கொப்பி அடித்துக் குத்திக் கொடுத்தாலும் போதும். தமிழில் இருக்கட்டும், சரியாக இருக்கட்டும்.

படத்தில் இன்னொரு காட்சி உண்டு. ஆட்களுக்கு முன்னால் பேசவே பயந்த பஃபெட், 100 டொலர் கட்டி டேல் கார்னகியின் பேச்சுப் பயிற்சியில் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டங்களை மாட்டாதவர், அந்தப் பயிற்சியின் சான்றிதழை அலுவலகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். அந்தக் காட்சியை எங்கள் ஊர்ப் பெற்றோருக்குத் தமிழில் விளக்கிக் காட்டுங்கள். தொழிற்பயிற்சி என்றால் படிப்பு ஏறாத பிள்ளைகள் போகிற இடம் என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை ஆசிரியர்கள் மட்டும் மாற்ற முடியாது. உங்களைப் போன்ற உத்தியோகத்தர் ஒருவர் வந்து சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

பேச்சாளர் சிக்கனத்தைப் பற்றி நிறையச் சொன்னார். 1958இல் 31,500 டொலருக்கு வாங்கிய வீட்டிலேயே கோடீஸ்வரர் இன்னும் இருக்கிறார் என்றார். உண்மைதான். ஆனால் அவருடைய தகப்பன் பங்குத் தரகர், பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். தகப்பனின் அலுவலகத்தில் இருந்த புத்தகங்களை வாசித்து வளர்ந்த பிள்ளை அவர். சரியான இடத்தில் சரியான காலத்தில் பிறந்தது தன் அதிர்ஷ்டம் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அதை ஏன் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை? பென்சிலை இரண்டாக வெட்டித் தங்கைக்குப் பாதி கொடுக்கிற பிள்ளைகளுக்கு யாரும் சிக்கனம் படிப்பிக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொன்னார். நம் இளைஞர்கள் அரசாங்க உத்தியோகத்தையே பார்த்துக்கொண்டு காலத்தைப் போக்குகிறார்களாம். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் படம் வெளிவந்த அதே 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். என் உறவுப் பிள்ளை ஒருத்தியும் அதில் இருந்தாள். பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் கிடைத்த இடத்தில் கிடைத்த பாடத்தைப் படித்து முடித்த பிறகுதான் அதற்கு வெளியில் வேலை இல்லை என்று அவர்களுக்குத் தெரியவந்தது. 16 வயதில் ஒருவர் பக்கத்தில் இருந்து விளக்கியிருந்தால் அவர்களில் பலர் வேறு பாதை எடுத்திருப்பார்கள். அப்போது சொல்லாதவர்கள் 26 வயதில் அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

விரும்பிய வேலைக்கு உதாரணம் தேடி நாங்கள் பஃபெட்டின் ஊரான ஒமாஹா வரை போகவேண்டியதும் இல்லை. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர். பழந்தமிழரின் யாழைப் பற்றிய ஆராய்ச்சியில் வருடக்கணக்காக ஊறி, 1947இல் அது நூலாக வெளிவந்த அதே ஆண்டில் காலமானார். கல்லடியில் அவர் சமாதியைக் கடந்துதான் எங்கள் ஆசிரியர்கள் பலர் தினமும் வருகிறார்கள். இதையும் ஒருநாள் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் அந்த நிகழ்வை நடத்தினீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது உயர்தரத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு நடந்தது. துறை தெரிவு செய்ய வேண்டிய நேரம் அவர்களுக்குக் கடந்துவிட்டது. சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் அந்த மாதங்களில்தான் எங்கள் பொடியன்மார் மேசனுக்குக் கையாளாகவோ கொழும்பில் கடைக்கோ போகிறார்கள். பெண்பிள்ளைகள் கார்மென்ட்ஸுக்குப் போகிறார்கள். முதல் சம்பளம் கைக்கு வந்த பிறகு அவர்களைத் திரும்பக் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களைக் கேளுங்கள். உங்கள் உத்தியோகத்தர் வரவேண்டியது அந்த மாதங்களில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததிலிருந்து நகரத்திலிருந்து வாகனத்தில் கொக்கட்டிச்சோலைக்கு வருவது பெரிய காரியம் இல்லை. அங்கிருந்து உள்ளே வர எங்கள் ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்பார்.

எனவே திரும்பவும் தாழ்மையோடு கேட்கிறேன். அடுத்த சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், தமிழ்க் கைநூலோடு ஒருவரை எங்கள் பாடசாலைக்கு அனுப்புங்கள். படத்தையும் கொண்டுவாருங்கள், தமிழில் விளக்கிச் சொல்கிற பொறுப்பை நான் எடுக்கிறேன். மண்டபமும் புரொஜெக்டரும் எங்களிடம் இருக்கின்றன. வருகிற திகதியை ஒரு கிழமைக்கு முன்னர் அதிபருக்கு எழுத்தில் அறிவித்தால் பெற்றோரையும் கூட்டி வைக்கிறோம். மெசின் திருத்தப் படிக்க விரும்பும் அந்த மாணவனுக்குரிய விண்ணப்பப் படிவத்தை அதற்கு முன்னரே தபாலில் அனுப்பினால் இன்னும் நன்றியுடையவளாக இருப்பேன். அவனுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிவிட்டது.

இப்படிக்கு,
படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை