வட்டுக்கோட்டைக்குப் போகும் முன்

அன்பான உறுப்பினர்களே,

வருகிற ஞாயிறு காலை யாழ்ப்பாணக் கல்லூரி வளாகத்தைப் பார்க்க வருபவர்கள் இதை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, டானியல் பூவர் முதல் அதிபராக இருக்க, ஆங்கிலத்தோடும் கணிதம், வானியலோடும் தமிழையும் சமஸ்கிருதத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பித்தது. மதம் பரப்பவே தொடங்கப்பட்டதென்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கு படித்தவர்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான அவரும் கறோல் விசுவநாதபிள்ளையும் அந்த மாணவர்களே.

ஆங்கிலக் கல்வி மாணவரை அரச உத்தியோகத்துக்கே இழுக்கிறது என்று கருதிய மிஷன் தலைமை 1855இல் செமினரியை மூடியது. ஊரவரும் பழைய மாணவரும் விடாது முயன்றதன் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பின்னாளில் அங்கு பட்டதாரி வகுப்புகளும் நடந்தன. 1974இல் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் யாழ்ப்பாண வளாகம் என்ற பெயரில் திறக்கப்பட்டபோது விஞ்ஞான பீடம் இயங்கத் தொடங்கியதும் வட்டுக்கோட்டையில்தான்.

என் அப்பு அந்தப் பட்டதாரி வகுப்பில் படித்தவர். அவருடைய மடக்கை அட்டவணைப் புத்தகம், ஓரங்கள் பூச்சி அரித்தும் முதல் பக்கத்தில் நீல மையால் எழுதிய பெயர் மங்காமல், என்னிடம் இருக்கிறது, அதைக் கொண்டுவருகிறேன். உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் பழைய படங்கள், சான்றிதழ்கள் இருந்தால் தயவுசெய்து எடுத்து வாருங்கள்.