தண்ணிக்கு வழி விட்ட எல்லாருக்கும் எங்க பசங்களோட நன்றி

முத்துப்பேட்டை கிட்ட ஜாம்புவானோடை, தொண்டியக்காடு பக்கம், அலையாத்தி காட்டுக்குத் தண்ணி வர வழி பண்ண எங்க பசங்களுக்காக ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்ச அத்தனை பேருக்கும் வணக்கம். இதை எப்பவோ எழுதியிருக்கணும், பரீட்சை, பேப்பர் திருத்துறதுன்னு தள்ளிக்கிட்டே போயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க.

நான் மன்னார்குடி பக்கம் ஒரு அரசுப் பள்ளில அறிவியல் டீச்சர். பருவநிலை மாற்றம்னு பாடம் எடுத்தா பசங்க நோட்டுல வரையுறது பனிக்கரடியும் உருகுற பனிப்பாறையும்தான். அது தப்புன்னு சொல்லல, ஆனா இதே பசங்க 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்போ அம்மா மடியில ஒண்டிக்கிட்டு கூரை பறக்குறதைப் பார்த்தவங்க, லட்சக்கணக்குல தென்னை சாஞ்சு கிடந்ததுக்கு நடுவுல வளர்ந்தவங்க. கடல் சூடாக சூடாக புயலுக்குப் பலம் கூடுதுன்னு புத்தகத்துல இருக்கு, அந்த வரியையும் அந்த ராத்திரியையும் சேர்த்து வச்சு யாரும் அவங்களுக்குச் சொல்லல, நானும் சொல்லல.

அதான் சுற்றுச்சூழல் மன்றத்துல இருந்து 26 பேரைக் கூட்டிக்கிட்டு கடல் தண்ணி ஏறி இறங்குற சேத்துல வளர்ற முத்துப்பேட்டை அலையாத்தி காட்டுக்கு வந்தோம். முதல் தடவை வந்தப்போ நாங்க பண்ணது சரியில்ல, அதை இங்க சொல்லியே ஆகணும். உள்ளூர்ல யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. எங்கேயோ இருந்து விதை வாங்கிட்டு வந்து, வெறும் மண்ணா கிடந்த ஒரு இடத்துல 300 விதையை ஊனிட்டு, பேனர் பிடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டு போயிட்டோம். ஏப்ரல்ல வந்து பார்த்தா ஒண்ணு கூட இல்ல. மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்துக் கிடந்துச்சு. ஒரு புள்ள அங்கேயே உக்காந்து அழுதுட்டா.

அன்னைக்குப் படகை ஓரம் கட்டிட்டு இறங்கி வந்தீங்களே மாமா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. திட்டுவீங்கன்னு நெனச்சேன். நீங்க அந்தப் புள்ள பக்கத்துல குந்தி, கையால மண்ணைத் தோண்டி ஒரு சின்ன கிண்ணம் மாதிரி பள்ளம் பண்ணி அதுல தண்ணி ஊத்திக் காட்டுனீங்க. "இந்த இடம் இப்படித்தாம்மா கெடக்கு, தண்ணி வரும், வெளிய போக வழி கிடையாது, வெயில்ல காயும், உப்பு மட்டும் தங்கும். மறுபடி வரும், மறுபடி காயும். இதுல எதை நட்டாலும் சாகும். நீங்க கன்னு நட வேணாம், தண்ணிக்கு வழிய விடுங்க, விதைய அதுவே கொண்டாரும்." நான் படிச்ச படிப்புல இவ்வளவு தெளிவா இதை யாரும் எனக்குச் சொன்னதில்ல. 

அப்புறம் தேடிப் படிச்சப்போதான் முழுக் கதையும் புரிஞ்சுச்சு. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து 1970கள் வரைக்கும் இந்தக் காட்டைப் பகுதி பகுதியா பிரிச்சு மொத்தமா வெட்டியிருக்காங்க, நிழல் போனதும் மண்ணு காஞ்சு அமுங்கி தொட்டி மாதிரி ஆயிடுச்சு, கடல் தண்ணி ஏறி வத்துற ஓட்டம் அங்க நின்னு போச்சு. அதுக்குத்தான் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள்ளு வடிவத்துல வாய்க்கா வெட்டுனது, நடுவுல ஒரு பெரிய வாய்க்கா, ரெண்டு பக்கமும் சாய்வா சின்னச் சின்ன கிளை வாய்க்கா. பிச்சாவரத்துலயும் இதே முறைதான். இவ்வளவு நல்ல விஷயம் எங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேர தூரத்துல இருக்கு, நாங்க பனிக்கரடி வரைஞ்சுக்கிட்டு இருந்தோம்.

இறால் பண்ணை அண்ணனுக்கு அடுத்த நன்றி. உப்பு எவ்வளவு இருக்குன்னு பார்க்குற ரிஃப்ராக்டோமீட்டரை, நீங்க தினம் குளத்துக்கு உபயோகிக்கிறதை, பசங்க கையில நம்பிக் குடுத்தீங்க. கண்ணாடி மேல ஒரு சொட்டு தண்ணி விட்டு, மூடிய மெதுவா கவுத்து, வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிச்சா உள்ள நீலமும் வெள்ளையும் பிரியுற கோடு தெரியும், அந்தக் கோடு நிக்கிற நம்பர்தான் உப்பு, ஒரு கிலோ தண்ணில எத்தனை கிராம்னு. சாதாரணமா கடல் தண்ணி 35 பக்கம் காட்டும். நாங்க விதை ஊனுன பள்ளத்துல தேங்கிக் கிடந்த தண்ணி 70 தாண்டுச்சு. ஒரு பையன் மூணு தடவை துடைச்சுத் துடைச்சுப் பார்த்தான், அப்புறம் "மிஸ், நாம அதுங்களை ஊறுகா போட்டுட்டோம்"னு சொன்னான், யாரும் சிரிக்கல.

வனத்துறை சார், நீங்க அனுமதி குடுத்ததோட நிக்காம தூந்து போன ஒரு கிளை வாய்க்காவைக் காட்டி, இதை மட்டும் தூர் வாருங்க, வேற எதையும் தொடாதீங்கன்னு கூடவே நின்னீங்க. அந்த மூணு சனிக்கிழமையும் மம்பட்டி எடுத்துட்டு வந்த தொண்டியக்காட்டு அண்ணன்கள் இல்லன்னா எங்க பசங்களால ஒரு முழம் கூட எடுத்திருக்க முடியாது. முட்டி வரைக்கும் சேறு, கால வச்சா இழுக்குது, சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற மூச்சு வேர் குத்துது. நீங்க வெட்டி வெட்டிப் போட பசங்க வரிசையா நின்னு சட்டி சட்டியா கைமாத்துனாங்க. வேலை முடிஞ்சு கடைசி அடைப்பை எடுத்தப்போ தண்ணி முதல்ல ஒரு விரல் அளவுக்கு நெளிஞ்சு நெளிஞ்சு வந்துச்சு, கூடவே சின்ன மீன் குஞ்சு ரெண்டு. அப்ப பசங்க போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

தர்கா பக்கம் டீக்கடை பாய், மூணு வாரமும் எங்க கிட்ட காசு வாங்கல, சேத்துக் காலோட பெஞ்சுல ஏறுனாலும் ஒண்ணும் சொல்லல. டீசலுக்கு மட்டும் காசு வாங்குன வேன் அண்ணன், புள்ளைங்களை நம்பி அனுப்புன அம்மா அப்பாங்க, பிள்ளை சேத்துல இறங்கணுமான்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம் தானே மம்பட்டியோட வந்த அந்த அப்பா, எல்லாருக்கும் நன்றி.

மழைக்கு அப்புறம் ஜனவரியில போய்ப் பார்த்தோம். உப்பு 40 கிட்ட இறங்கியிருந்துச்சு. மழையும் சேர்ந்துதான் இறக்கியிருக்கும், வாய்க்கா மட்டும்னு நான் பசங்களைச் சொல்ல விடல, கோடைலயும் அளந்து பார்த்துட்டுத்தான் எழுதணும்னு சொல்லியிருக்கேன். ஆனா வாய்க்கா ஓரத்துல, நாங்க யாரும் ஊனாத இடத்துல, தோல் கழண்டு ரெண்டு தடிச்ச பச்சை இலை விரிஞ்சு நின்ன கன்னுங்க 41. மாமா சொன்ன மாதிரி தண்ணியே கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கு. அன்னைக்கு அழுத புள்ளதான் எண்ணுனா.

கடைசியா ஆச்சிக்கு. கடலோர வயல்ல உப்பு ஏறுதுன்னு பசங்க உங்ககிட்ட கேள்வி கேக்க வந்தாங்க, நீங்க பதிலோட குழியடிச்சான் விதைநெல் 2 கிலோவும் குடுத்து அனுப்புனீங்க. உப்பு மண்ணுலயும் தாங்குற நெல்லு, உங்க மாமியார் காலத்துல இருந்து விடாம வச்சிருக்கீங்க. பாரம்பரிய நெல்லை மீட்டெடுத்த மறைந்த நெல் ஜெயராமன் ஐயா அப்போ ஆதிரெங்கத்துல நெல் திருவிழாவுல 2 கிலோ குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்குவாரே, அதே கணக்குதான் உங்களுக்கும்னு சொன்னீங்க. காசு குடுத்தப்போ கையைத் தட்டி விட்டீங்க.

ஆச்சி, ஒரு பையனோட தாத்தா கடலோரமா இருக்குற அவர் வயல்ல ஒரு மூலையை ஒதுக்கிக் குடுத்து, புரட்டாசில விதைச்சாச்சு. இப்ப கதிர் சாஞ்சு நிக்குது, அடுத்த வாரம் அறுப்பு. பசங்க உங்க 4 கிலோவுக்குன்னு தனியா ஒரு துணிப்பை தச்சு வச்சிருக்காங்க, அளந்து போட்டுக்கிட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வர்றோம்.